உஷார்! ரிப்போர்ட் ‘நார்மல்’ என்கிறதா? அவசரப்பட்டு நம்பாதீர்கள்

கேரட்டுக்கு மருந்து அடிக்கிறவர்கள், கூலி கொடுத்து அடிக்கச் சொல்கிறவர்கள், எஸ்டேட் டிஸ்பென்சரியில் ரத்தம் எடுப்பவர்கள் எல்லோருக்கும்தான் இது. நீலகிரியில் பூச்சி மருந்தோடு புழங்குகிற எவருக்கும் டாக்டர் என்றாவது ஒருநாள் ‘கோலினெஸ்டரேஸ்’ என்ற நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்கலாம். ரிப்போர்ட்டில் இடது பக்கம் உங்கள் அளவு இருக்கும், வலது ஓரத்தில் ‘நார்மல் ரேஞ்ச்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் அளவு அந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டால், “ஒண்ணுமில்ல, போய் வேலையைப் பாருங்க” என்று அனுப்பிவிடுவார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பரவலாகப் புழங்கும் ஒரு பரிசோதனை முறையில் ஆண்களுக்கான ரேஞ்ச் லிட்டருக்கு 5,320 முதல் 12,920 யூனிட் வரை. மேல் எண், அடி எண்ணைப் போலக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அத்தனை அகலமாகக் கதவு திறந்து கிடக்கிறது. ஒருவருக்குப் பிறவியிலேயே 12,000 இருக்கிறது என்று வையுங்கள். நாலு வாரம் விடாமல் மருந்து அடிக்கிறார். அளவு 6,000-க்கு இறங்குகிறது. உடம்பிலிருந்த நொதியில் பாதி போய்விட்டது. ஆனாலும் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வராது, நட்சத்திரக் குறி வராது. ‘நார்மல்’ என்றே வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பிறவி அளவே 5,000 என்றால், மருந்து பாட்டிலைக் கையால் தொடாத அவருக்கு ‘குறைவு’ என்று வரும். பாதியை இழந்தவர் மறுநாளும் டேங்க்கை எடுத்துக்கொண்டு போவார். ஒன்றுமே இழக்காதவர் பயந்துபோய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவார்.

இந்த நொதிக்கு ஏன் இத்தனை மரியாதை? நரம்பு தசைக்கு ஆணை சொல்ல அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விடுகிறது. ஆணை போய்ச் சேர்ந்ததும் அந்த ரசாயனத்தை உடனே அழித்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது கோலினெஸ்டரேஸ் குடும்பத்து நொதி. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், புரொபெனோபாஸ், டைமெத்தோயேட் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளும், கார்போபியூரான், மெத்தோமில் போன்ற கார்பமேட் மருந்துகளும் இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. பூச்சி சாவதும் அதனால்தான், மனிதன் மூச்சு முட்டிச் சாவதும் அதனால்தான். ரத்தத்தில் இது இரண்டு விதமாக இருக்கிறது. சிவப்பணுவில் இருப்பது ஒன்று, சீரம் என்கிற ரத்த நீரில் மிதப்பது இன்னொன்று. நரம்பில் நடப்பதைச் சிவப்பணு நொதி கூடுதல் நம்பிக்கையாகச் சொல்லும். ஆனால் பெரும்பாலான லேப்களில் சுலபமாகச் செய்வது சீரத்தைத்தான்.

கேத்தி பாலாடாவிலோ நஞ்சநாட்டிலோ மருந்து அடிப்பதை ஒருநாள் நின்று பாருங்கள். டிரம்மில் கலக்கி, மெஷின் போட்டு, நீண்ட ஓஸைப் படிப்படியான பாத்திகள் வழியாக ஒருவர் இழுக்க, இன்னொருவர் அடித்துக்கொண்டு போவார். குளிருக்குப் போட்ட கம்பளி ஸ்வெட்டரின் முன்கையும் வயிறும் நனைந்திருக்கும். கம்பளி சீக்கிரம் காயாது. மருந்து தோல் வழியாகவே உள்ளே போகும். மாலை வீடு திரும்பும்வரை அதே ஸ்வெட்டர், அநேகமாக மறுநாளும் அதே ஸ்வெட்டர். கைக்கு உறை போட்டவரைப் பார்ப்பது அபூர்வம். இதில் யாரையும் குறை சொல்லி என்ன பயன்? ரப்பர் உறை போட்டுக்கொண்டு வழுக்கும் மேட்டில் ஓஸைப் பிடிக்க முடிகிறதா என்று, சட்டம் எழுதியவர்கள் ஒருநாள் வந்து பிடித்துப் பார்க்கட்டும்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற மருந்துதான் மோசம். ஆர்கனோபாஸ்பரஸ் முடக்கிய சிவப்பணு நொதி திரும்ப நாளொன்றுக்குச் சுமார் 1 சதவீதம்தான் ஏறும். முழுதாகத் திரும்ப மூன்று, நான்கு மாதம் ஆகும். சீரத்து நொதி சில வாரங்களில் திரும்பும். வாராவாரம் மருந்து அடிக்கிறவருக்கு ஏறுவதற்குள் அடுத்த இறக்கம் வந்துவிடுகிறது. ஆளுக்கு லேசான தலைவலி, கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். பனி, குளிர், வேலைக் களைப்பு என்று விட்டுவிடுவார். கையிருப்பு தீர்ந்த நிலையில் ஒருநாள் வழக்கத்தைவிடச் சற்றே அதிகமாக உடம்பில் பட்டால், அன்றைக்கு ஆம்புலன்ஸ் தேவைப்படும்.

சரி, அந்த ‘நார்மல் ரேஞ்ச்’ எங்கிருந்து வருகிறது? ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்படும் குறைந்தது 120 பேரிடம் ரத்தம் எடுத்து, அளவுகளை வரிசைப்படுத்தி, மேலே இரண்டரை சதவீதத்தையும் கீழே இரண்டரை சதவீதத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் நிற்கும் 95 சதவீதத்துக்கு எல்லை போடுவார்கள். உலகம் முழுக்க லேப்கள் ஒப்புக்கொண்ட முறை இது. ஆண், பெண், வயது என்று பிரித்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக 120 பேர் வேண்டும். இத்தனை சிரமத்தை எந்தச் சின்ன லேப் எடுத்துக்கொள்ளும்? ரீஏஜென்ட் என்கிற பரிசோதனை ரசாயனத்தின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டில் கம்பெனி அச்சடித்த எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த 120 பேர் எந்த நாட்டுக்காரர்கள், என்ன சாப்பிட்டவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கோயம்புத்தூரில் வெயில் கொளுத்துகிறது என்று கேட்டு ஊட்டியில் ஸ்வெட்டரைக் கழற்றுகிற கதைதான்.

போதாக்குறைக்கு லேபுக்கு லேப் முறையும் மாறும். ஒருவர் பியூட்டிரில்தயோகோலினை வைத்து அளப்பார், இன்னொருவர் வேறொன்றை வைத்து அளப்பார். ஒரு முறை 37 டிகிரியில், மற்றொன்று 25 டிகிரியில். ஒரே ஆளின் ஒரே ரத்தம், எண்கள் வேறு வேறு. அதனால் போன மாதம் குன்னூரில் ஒரு லேபில் பார்த்ததையும் இந்த மாதம் கோவையில் இன்னொரு லேபில் பார்த்ததையும் பக்கத்தில் வைத்து “ஏறியிருக்கு”, “இறங்கியிருக்கு” என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே லேப், ஒரே முறை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கம்பெனிச் சீட்டை நம்பாமல் நம் ஊருக்கே ஒரு ரேஞ்ச் போட்டால் என்ன என்று தோன்றும். போடத்தான் வேண்டும். ஆனால் அதிலும் ஒரு படுகுழி இருக்கிறது. மலைக்காய்கறி விளையும் ஊர்களில் போய் “நோய் நொடி இல்லாதவர்கள் வாங்க” என்று 120 பேரை வரிசையில் நிறுத்தினால், அவர்களில் எத்தனை பேர் அந்த மாதம் மருந்து அடித்தவர்கள்? காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆனால் நொதி ஏற்கெனவே இறங்கியிருக்கும். அந்த இறங்கிய அளவுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ரேஞ்சின் அடி எண் கீழே போய்விடும். அதற்குப் பிறகு, பாதிக்கப்பட்டிருப்பதே இந்த மலையில் ‘நார்மல்’.

இது கற்பனைப் பயம் இல்லை. ஈரல் பரிசோதனையில் எல்லோரும் பார்க்கிற எஸ்.ஜி.பி.டி-க்கு இதேதான் நடந்தது. உலகெங்கும் லேப்கள் 40-ஐ ஒட்டி மேல் எல்லையை அச்சடித்துக்கொண்டிருந்தன. அந்த எல்லையை வகுத்த காலத்தில் ‘ஆரோக்கியமானவர்கள்’ என்று சேர்க்கப்பட்டவர்களில் ஹெபடைடிஸ் சி இருந்தவர்களும் ஈரலில் கொழுப்பு படிந்தவர்களும் கலந்திருந்தார்கள். 2002-இல் இத்தாலியில் மிலான் நகர ஆராய்ச்சியாளர்கள், ரத்ததானம் செய்ய வந்தவர்களில் ஈரல் கொழுப்புக்கு வாய்ப்புள்ளவர்களைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டார்கள். ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று எல்லை சரசரவென இறங்கியது. அதுவரை நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பலருடைய ஈரல் நார்மலாக இல்லை என்று அர்த்தம். இன்றும் நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் பழைய 40-ஐ ஒட்டிய எண்களைப் பார்க்கலாம்.

கோலினெஸ்டரேஸில் பிறவி வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாட்சி மலைக்குக் கீழேயே இருக்கிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். பூபதியும் இளங்கோவன் மனோகரனும், அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒக்ஸானா லாக்ரிட்ஜும் சேர்ந்து 2006, 2007-இல் வெளியிட்ட ஆய்வுகள் அவை. கோவையின் வைசிய சமூகத்தில், சீரத்து நொதி ஏறக்குறைய இல்லவே இல்லாத ஆட்கள் இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடையே லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் இந்த நிலை, இங்கே அதைப்போல 4,000 மடங்கு. அவர்கள் நோயாளிகள் இல்லை, எல்லோரையும் போல நன்றாகத்தான் நடமாடுகிறார்கள். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது ‘ஸ்கோலின்’ ஊசி போட்டால் மட்டும் ஆபத்து. சில நிமிடங்களில் தெளிய வேண்டிய தசைகள் மணிக்கணக்கில் தெளியாமல் மூச்சு நின்றுபோகும். இப்படி ஒருவரின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு “விஷம் உள்ளே போயிருக்கு” என்று ஒரு டாக்டர் முடிவு செய்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? கையில் இருப்பது ஒரே ஓர் எண்தானே. அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

கர்ப்பமாக இருந்தால் சீரத்து நொதி தானாகவே குறையும். கருத்தடை மாத்திரை, ஈரல் நோய், சத்துக்குறைவு எல்லாமே குறைக்கும். சிவப்பணு நொதியை ரத்தத்தின் மில்லி கணக்கில் சொல்கிற லேபாக இருந்தால் ரத்தசோகைக்காரருக்கும் குறைவாகவே காட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கொழுந்து பறிக்கிற அக்காமார்களின் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் படியுங்கள், டாக்டர்களே.

அப்படியானால் எதோடு ஒப்பிடுவது? உங்களோடுதான். மருந்து தொடுவதற்கு முன் உங்கள் ரத்தத்தில் எவ்வளவு இருந்ததோ அதுதான் உங்களுக்கு நார்மல். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதை 1974-லிலேயே சட்டமாக்கிவிட்டது. பண்ணைகளுக்கு மருந்து அடிக்கும் தொழிலாளிக்கு, குறைந்தது 30 நாள் மருந்து வாடை படாத நிலையில் ரத்தம் எடுத்துச் சொந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் முதலாளி வேலை நடக்கும் விதத்தைச் சோதிக்க வேண்டும். சிவப்பணு நொதி 70 சதவீதத்துக்கோ சீரத்து நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கினால் மருந்து வேலையிலிருந்தே ஆளை விலக்க வேண்டும். மறுபடி 80-ஐத் தொட்ட பிறகுதான் திரும்பச் சேர்க்கலாம். முன்னால் சொன்ன 12,000 ஆளை இதில் வைத்துப் பாருங்கள். அவருக்கு 60 சதவீதம் என்பது 7,200. நம் ஊர் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று சொன்ன அதே 6,000-க்கு அங்கே ஓஸைக் கையிலிருந்து பிடுங்கியிருப்பார்கள்.

நமக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1971-இல் வந்த பூச்சிக்கொல்லி விதிகளில் 37-வது விதியை எடுத்துப் படியுங்கள். மருந்து அடிக்கும் வேலைக்கு ஆளை வைப்பதற்கு முன் மருத்துவப் பரிசோதனை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனை, ஆர்கனோபாஸ்பரஸ் அல்லது கார்பமேட் என்றால் மாதம் ஒருமுறையாவது கோலினெஸ்டரேஸ் அளவு. அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட்டார்கள்! எத்தனை சதவீதம் இறங்கினால் ஆளை நிறுத்துவது என்ற எண்ணை மட்டும் அந்த விதியில் எழுதவில்லை. எண் இல்லாத விதியை வைத்துக்கொண்டு, ரீஏஜென்ட் பெட்டியிலிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் பரிசோதனை நடந்தால்தான்! தினக்கூலிக்குப் போய் நாளுக்கொரு தோட்டத்தில் மருந்து அடிக்கிறவருக்கு மாதாமாதம் ரத்தம் எடுப்பவர் யார்? 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கே இந்தப் பரிசோதனைக்கே வசதி இல்லை என்பது செய்திகளில் பெரிதாக அடிபட்டது.

நீலகிரிக்கு என்று இன்னொரு சிக்கல் உண்டு. இந்தப் பரிசோதனையை எல்லா லேபும் செய்வதில்லை, ரத்தக் குழாயை வெளியூருக்கு அனுப்புவார்கள். குன்னூர் மலைப்பாதையில் இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, கோவைக்குப் போய்ச் சேர்வதற்குள் குழாய்க்குள் வேறு வேலை நடந்துவிடும். கார்பமேட் மருந்து நொதியை நிரந்தரமாக முடக்குவதில்லை, சில மணி நேரத்தில் விட்டுவிடும். ஐஸ் வைக்காத குழாயிலும் அப்படியே விட்டுவிடும். காலையில் கார்போபியூரான் குருணையைக் கையால் தூவி வாந்தி எடுத்தவரின் ரத்தம், மாலையில் கோவை போய்ச் சேரும்போது ‘நார்மல்’ ஆகியிருக்கலாம். உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்கநிற நூற்புழு 1961-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக நீலகிரியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதை அடக்கக் காலங்காலமாகப் பரிந்துரைத்து வந்தது இந்தக் கார்போபியூரானைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை பார்க்க வைத்திருக்கும் சாம்பல் மூடிக் குழாயில் ரத்தத்தைப் பிடித்தால் நேர்மாறான கூத்து. அதிலிருக்கும் புளூரைடே இந்த நொதியை அமுக்கி, இல்லாத விஷத்தைக் காட்டிவிடும். ரத்தம் எடுக்கிற தம்பி தங்கைகளே, மூடியின் நிறத்தை ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று. இந்தப் பரிசோதனை எல்லா மருந்துக்கும் பொருந்தாது. தேயிலையில் களைக்கு அடிக்கும் பாராகுவாட், கிளைபோசேட் இரண்டையும் இது காட்டிக்கொடுக்காது. கொப்புள நோய்க்கு அடிக்கிற தாமிர மருந்தையும் காட்டாது. பாராகுவாட் உள்ளே போனவருக்கு கோலினெஸ்டரேஸ் நார்மல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் கதை முடிந்தது, அது நுரையீரலைத் தின்றுவிடும். அதனால் பாட்டிலில் இருக்கிற பெயர் முக்கியம். லேபிளை போனில் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் எவ்வளவு கொடியது என்றுதான் சொல்லும், எந்த வகை மருந்து என்று சொல்லாது.

புதிதாக மருந்து அடிக்கப் போகிறீர்களா? போவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் சில நாள் இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டை மேஸ்திரியிடமோ ரைட்டரிடமோ விட்டுவிடாமல் ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே வையுங்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு இதை அவர்கள் பாஷை தெரிந்தவர் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக அடித்துக்கொண்டிருப்பவருக்கு ‘மருந்து படாத 30 நாள்’ கிடைப்பது கஷ்டம், மலையில் ஒரு போகம் முடியுமுன் அடுத்தது வந்துவிடுகிறது. அவர்களுக்கும் வழி இருக்கிறது. இன்று பாருங்கள், மருந்தை விட்டு விலகி இருந்து சில வாரம் கழித்து அதே லேபில் மறுபடி பாருங்கள். அளவு மளமளவென ஏறியிருந்தால், முதலில் பார்த்தபோது நீங்கள் இறக்கத்தில் இருந்தீர்கள் என்று அர்த்தம், அன்றைக்கு ரிப்போர்ட் என்ன சொல்லியிருந்தாலும் சரி.

2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கம்பெனிச் சீட்டின் ரேஞ்ச் இந்த மலை மக்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க 120 பேர்கூட வேண்டாம், 20 பேர் போதும். அவர்களில் இரண்டு பேருக்கு மேல் ரேஞ்சுக்கு வெளியே விழாவிட்டால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்பது உலக வழக்கம். அந்த 20 பேரும் மருந்து வாடையே படாதவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்துவிட்டு, காய்கறி விளையும் ஊர்களிலேயே ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஊட்டியிலேயே அளந்து, ஆளாளுக்கு அவரவர் சொந்த அளவை ஓர் அட்டையில் எழுதிக் கொடுங்கள். ரிப்போர்ட்டில் ரேஞ்சுக்குப் பக்கத்திலேயே ‘முந்தைய அளவில் இத்தனை சதவீதம்’ என்று ஒரு வரியையும் சேருங்கள்.

கடைசியாக, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாத நேரம் ஒன்று உண்டு. மருந்து அடித்தவருக்குக் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, வாயில் எச்சில் வழிந்து, வியர்வை கொட்டி, வயிறு பிசைந்து, கண்ணிமையும் தசையும் துடித்து, மூச்சு இழுத்தால், ஸ்வெட்டரையும் சட்டையையும் அங்கேயே கழற்றிப் போட்டு, சோப்பும் தண்ணீரும் விட்டு உடம்பைக் கழுவுங்கள். கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள், மருந்து பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். இந்த விஷத்துக்கு மாற்றான அட்ரோபின் ஊசி போட எந்த ரிப்போர்ட்டும் தேவையில்லை. எந்த மருந்துக்கு என்ன சிகிச்சை என்று சந்தேகம் வந்தால், டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. இரவு, பகல் எந்நேரமும் அழைக்கலாம்.